எண்ணெயையும் தண்ணீரையும் பழப்பொடியால் சேர்த்துவைக்க ஒரு கையேடு

இதற்கு முதலில் வேண்டியது பழப்பொடி இல்லை, கோபம். வீட்டில் இருக்கும் பிரெட் பாக்கெட்டையோ ஐஸ்கிரீம் டப்பாவையோ எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில் ‘எமல்சிஃபையர் (ஐஎன்எஸ் 322, 471)’ என்று இருக்கும். “சோறு போடச் சொன்னா நம்பர் போடுறான் பாரு” என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லுங்கள். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த எண்கள் எவை என்று தேடிப் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் 322 என்பது லெசித்தின், முட்டையின் மஞ்சள் கருவிலும் சோயாவிலும் இருப்பது என்று தெரிந்துவிடும். 300 வைட்டமின் சி. 440 பெக்டின், கொய்யாப்பழத்தைக் கடிக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்துத்தான் கடிக்கிறோம். இவ்வளவு தெரிந்தவருக்குக் கோபம் வராது. கோபம் வராதவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் பழத்தோலைக் காயவைத்துக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார மாட்டார்.

கோபத்துக்குக் கொஞ்சம் நியாயமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2015-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், பாலிசார்பேட் 80 என்ற இரண்டு எமல்சிஃபையர்களைக் குடிநீரில் கலந்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். குடலைக் காக்கும் வழவழப்புப் படலத்துக்குள் பாக்டீரியாக்கள் ஊடுருவின, பாக்டீரியாக் கூட்டமே மாறியது, லேசான அழற்சி வந்தது. அந்த இரண்டுக்கும் எண்கள் 466, 433. அன்று முதல் எண் போட்ட எல்லாவற்றின் மேலும் ஒரே வழக்கு. 433 செய்ததற்கு 322-ஐயும் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போகிறோம். இந்த நுணுக்கமெல்லாம் நம் திட்டத்துக்கு ஆகாது, மேலே போவோம்.

அடுத்து ஒரு காரணம் வேண்டும். அதைத் தமிழக அரசே கொடுத்துவிட்டது. 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தடை போட்டார்கள். தெலங்கானா 2024-லேயே போட்டிருந்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பச்சை முட்டை வழியாக வரும் என்பதுதான் காரணம். நம்மூர் வெயிலில் ஷவர்மா கடை வாசலில் திறந்த டப்பாவில் மயோனைஸ் நிற்பதைப் பார்த்தவர்கள் யாரும் இதை எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஆக, முட்டை போயிற்று. எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்துவைக்க வேறு ஆள் வேண்டும். இங்கேதான் பழப்பொடி உள்ளே வருகிறது.

(முட்டை இல்லாத மயோனைஸ் மட்டும்தான் வேண்டும் என்றால், குளிர்ந்த பாலை மிக்ஸியில் ஊற்றி, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்து, கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் வந்துவிடும். பாலில் இருக்கும் புரதம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதை எல்லாரும் செய்கிறார்கள். சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.)

வேலையில் இறங்குமுன் கொஞ்சம் தத்துவம். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பது தெரிந்த சங்கதி. நன்றாக அடித்தால் எண்ணெய் சின்னச் சின்னத் துளிகளாக உடைந்து தண்ணீருக்குள் சிதறும். விட்டால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி மறுபடி மேலே ஏறிவிடும். லெசித்தின் மூலக்கூறுக்கு ஒரு முனை எண்ணெயில் கரையும், மறு முனை தண்ணீரை நாடும். சண்டைக்கார இரண்டு குடும்பங்களிலும் பெண் எடுத்துக் கொடுத்த பெரியப்பா மாதிரி அது நடுவில் உட்கார்ந்து, துளிகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். நம் சமையலறைக்கு இது புதிதில்லை. தேங்காய்ப்பாலே இப்படித் துளிகள் சிதறி நிற்கும் கலவை, அதாவது ஓர் எமல்ஷன்தான். அங்கே தேங்காயின் புரதம் எண்ணெய்த் துளிகளைச் சுற்றி நிற்கிறது. கொதித்தால் அந்தப் புரதம் நிலைகுலையும், பால் திரிந்து எண்ணெய் மிதக்கும். சொதிக்கு முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கு என்று ஆச்சி சொன்னதற்கு இதுதான் காரணம். ஆச்சி அதை எமல்ஷன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாம் வகுப்புக்குப் பணம் கட்டிப் போயிருப்போம்.

பழப்பொடி என்ன செய்கிறது? அதில் இருக்கும் முக்கியமான சரக்கு பெக்டின். 1825-இல் பிரான்ஸின் ஆன்ரி பிராகோனோ இதற்குப் பெயர் வைத்தார். ஜாம் கெட்டிப்படுவது இதனால்தான். ஆனால் பெரும்பாலான பெக்டினுக்கு எண்ணெயோடு பெரிய உறவு கிடையாது. அது தண்ணீர் வீட்டு ஆள். பந்தலில் கூட்டத்தை நெருக்கி வைத்து யாரையும் எழுந்திருக்க விடாமல் செய்வதுதான் அதன் சாமர்த்தியம். துளி மேலே ஏறும் வேகத்துக்கு 1851-இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு கணக்குச் சொன்னார்: திரவம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு மெதுவாக ஏறும், துளியின் விட்டம் பாதியானால் வேகம் கால்வாசியாகும். ஆக, உங்கள் பழப்பொடி எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கவில்லை, பிரிவதைத் தள்ளிப்போடுகிறது. நாளை மதியம்வரை தள்ளிப்போட்டால் போதும், சாலட் தீர்ந்துவிடும். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

முழுக்க அப்படியும் இல்லை. சில பெக்டின்களின் சங்கிலியில் புரதத் துணுக்குகள் தொங்கும். சர்க்கரைக் கிழங்கான சுகர் பீட்டின் பெக்டின் அதற்குப் பேர்போனது. அந்தத் துணுக்கு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், சங்கிலி தண்ணீரில் நிற்கும். இன்னொரு வழியும் உண்டு. மிக நுண்ணிய திடத் துகள்களே எண்ணெய்த் துளியின் மேற்பரப்பில் நெருக்கமாக ஒட்டி, சுவர்போல நிற்கும். 1903-இல் ராம்ஸ்டன் என்ற விஞ்ஞானியும் 1907-இல் பிக்கரிங் என்ற விஞ்ஞானியும் இதைப் பற்றி எழுதினார்கள். பின்னவர் பெயரே நிலைத்து ‘பிக்கரிங் எமல்ஷன்’ ஆகிவிட்டது. பழ நாரின் நுண்துகள் இப்படி வேலை செய்யக் கூடும். வீட்டுக்கு வந்தவர் யாராவது “இது எப்படிங்க பிரியாம இருக்கு?” என்று கேட்டால் ‘பிக்கரிங்’ என்று மட்டும் சொல்லிவிட்டு காபி கொண்டுவரப் போய்விடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. துளியைச் சுற்றி நிற்க வேண்டிய துகள், துளியைவிடப் பல மடங்கு சிறியதாக இருக்க வேண்டும். மிக்ஸியில் அடிக்கும் துளி பல மைக்ரான் அளவு. மிக்ஸியில் அரைத்த பொடியின் துகளோ நூறு மைக்ரானைத் தாண்டும். அது துளியைச் சுற்றி நிற்காது, துளிதான் அதன் மேல் ஏறி உட்காரும். எனவே பொடியை மெல்லிய வேட்டித் துணியில் சலியுங்கள். சித்த வைத்தியர்கள் இதை வஸ்திரகாயம் என்பார்கள். கை வலிக்கும், துணியில் பாதி ஒட்டும், கிடைப்பது ஒரு பிடி. அதுவும் ஆலை அரைக்கும் அளவுக்கு நுண்மையாக இருக்காது. ஆனால் வஸ்திரகாயம் என்ற வார்த்தையை லேபிளில் போடலாம். அந்த வார்த்தைக்கே ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்கலாம்.

இனி எந்தப் பொடி என்று பார்ப்போம். ஆர்வக்கோளாறில் எல்லாரும் முதலில் தூக்கி வருவது நெல்லிக்காய்ப் பொடி. வேண்டாம். அதில் புளிப்பும் துவர்ப்பும் கூடி இருக்கின்றன. துவர்ப்பு என்பது டேனின். புரதத்தைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். பால் சேர்த்த எதிலும் போட்டால் திரிந்துபோகும். அதைப் பன்னீர் என்று சொல்லி விற்பது தனிக் கையேடு.

வாழைக்காய்ப் பொடி பார்க்க வெள்ளையாக, நல்ல பிள்ளையாகத் தெரியும். அது பெரும்பாலும் மாவுச்சத்து. வெந்தால்தான் கெட்டிப்படும், பச்சையாக மயோனைஸில் போட்டால் நாக்கில் மணல். குழம்புக்கோ சூப்புக்கோ வைத்துக்கொள்ளலாம்.

ஆன்லைனில் வரும் ‘மாம்பழப் பொடி’, ‘ஸ்ட்ராபெர்ரி பொடி’ வகையறா அழகான பவுச்சில், ஜிப்போடு வரும். பெரும்பாலும் பழச்சாற்றைத் தெளித்து உலர்த்திச் செய்தவை. பழச் சர்க்கரை பிசுபிசுக்கும், உலர்த்தும் கருவியின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்க மால்டோடெக்ஸ்ட்ரினைத் தாராளமாகக் கலப்பார்கள். மாவுச்சத்தை உடைத்துச் செய்வது அது. பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தால் தெரியும், ஆனால் பின்பக்கம் பார்க்கும் வழக்கத்தைத்தான் பிரெட் பாக்கெட்டோடு முடித்துக்கொண்டோமே. சாறுதான் பொடியானது என்பதால் நாரும் பெக்டினும் அதில் கொஞ்சம்தான். நிறம் வரும், வாசம் வரும், எண்ணெய் தன் பாட்டுக்கு மேலே வரும். சென்னைக் காற்றில் திறந்து வைத்தால் அடுத்த நாள் சுத்தியலும் தேவைப்படும்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஆரஞ்சுத் தோல் பொடி முகத்துக்குப் பூச. கடைக்காரர் “சாப்பிடறதுக்கா?” என்று ஒரு மாதிரி பார்ப்பார். அந்தப் பார்வையை மதியுங்கள்.

ஆனால் பழம் மட்டும் சரிதான். எலுமிச்சை இனத்துத் தோலை மிஞ்ச ஒன்றும் இல்லை. உலர்ந்த கணக்கில் ஆப்பிள் சக்கையில் பெக்டின் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் என்றால், எலுமிச்சை இனத் தோலில் இருபதிலிருந்து முப்பது. அதுவும் மேல்தோலில் அவ்வளவாக இல்லை. அதற்கும் சுளைக்கும் நடுவே, பஞ்சுபோல வெள்ளையாக, நாம் பிய்த்துப் போடுகிறோமே, அதில். சாத்துக்குடி ஜூஸ் கடைக்காரரிடம் கேட்டால் சும்மாவே தருவார். அவருக்குக் குப்பை, உங்களுக்கு மூலப்பொருள். அவர் முன்னால் அதிக ஆர்வம் காட்ட வேண்டாம், அடுத்த வாரம் விலை சொல்வார்.

இந்த இடத்தில் கேலியை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்கிறேன், கவனியுங்கள். தோலைக் கழுவி, பச்சை மஞ்சள் மேல்தோலைக் கத்தியால் மெலிதாகச் சீவி எடுத்துவிடுங்கள். காரமான எண்ணெயும் பூச்சிமருந்தும் அதில்தான் இருக்கும். வெள்ளைப் பஞ்சைத் துண்டு போட்டு, வெந்நீரில் ஓரிரு நிமிடம் கொதிக்கவிட்டு, நீரைக் கொட்டுங்கள். புது நீரில் மறுபடி. கசப்பும் சர்க்கரையும் இதில் இறங்கிவிடும். ரொம்ப நேரம் கொதிக்கவிடக் கூடாது, எலுமிச்சை பிழியவே கூடாது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் பெக்டின் கரைந்து நீரோடு போய்விடும், அதைத்தான் பெக்டின் ஆலையில் வேண்டுமென்றே செய்கிறார்கள். துணியில் கட்டிப் பிழிந்து, நிழலிலோ மிதமான அவனிலோ மொறுமொறுவென்று காயவிட்டு, சின்ன ஜாரில் அரைத்து, சலித்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத பாட்டிலில் போடுங்கள். ஆலைகளில் சிட்ரஸ் நார் என்ற பெயரில் தயாராவதும் ஏறக்குறைய இதே வழிதான். ஒரு வித்தியாசம், அவர்கள் அதை உயரழுத்த ஹோமோஜெனைசரில் செலுத்தி நாரைப் பிரித்து விரியவைப்பார்கள். பால் துளிகளை உடைக்க 1899-இல் பிரான்ஸின் ஓகஸ்த் கோலன் காப்புரிமை வாங்கிய கருவியின் வாரிசு அது. உங்களிடம் இருப்பது கல்யாணச் சீர்வரிசையில் வந்த மிக்ஸி. ஆசையை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறைக்கு வருவோம். நூறு மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்குச் சுமார் மூன்று கிராம் பொடி. தண்ணீரில் நேராகக் கொட்டினால் வெளியே ஊறி உள்ளே காய்ந்த கட்டிகளாகத் திரளும்; ஒரு ஸ்பூன் எண்ணெயில் பொடியைக் குழைத்துவிட்டு ஊற்றுங்கள், கட்டி தட்டாது. அரை மணி ஊறட்டும். இதற்குள் அத்தை அடுக்களைக்கு வருவார்.

“ஏம்மா, சாத்துக்குடித் தோலை என்ன பண்றே?”

“மயோனைஸ், அத்தை.”

“தலைக்குத் தேய்க்கவா?”

இதற்குப் பதில் சொல்லாதீர்கள். மிக்ஸியைப் போடுங்கள்.

ஊறிய கலவையை நன்றாக அடித்து, உப்பும் ஒரு பல் பூண்டும் போட்டு, வாசமில்லாத எண்ணெயை மூடியின் சின்னத் துளை வழியாக நூல்போல விடுங்கள். முதல் சில ஸ்பூன்கள் சொட்டுச் சொட்டாகப் போக வேண்டும். ஆரம்பத்தில் மிக்ஸி கீச்சென்று கத்தும். துளிகள் உடைந்து கலவை இறுகும்போது சத்தம் கனத்து இறங்கும், ஜாரின் சுவரில் கலவை வழியாமல் மடிப்பு மடிப்பாக நிற்கும். காதுதான் இங்கே அளவுகோல். சத்தம் திடீரென்று மறுபடி லேசானால் பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

எண்ணெய் எவ்வளவு? மஞ்சள் கரு மயோனைஸில் முக்கால் பங்குக்கு மேலே எண்ணெய் போகும். ஒரே அளவு உருண்டைகளை ஒழுங்காக அடுக்கினால் இடத்தின் 74 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது. துளிகள் அந்த நெருக்கத்தைத் தொட்டு ஒன்றையொன்று அமுக்கித் தட்டையாகும்போதுதான் ஸ்பூனில் நிற்கும் அந்தக் கெட்டி வருகிறது. அவ்வளவு நெருக்கத்திலும் துளிகளை ஒட்டவிடாமல் காக்க மஞ்சள் கருவால் முடியும். நம் சாத்துக்குடியால் முடியாது. தண்ணீரும் எண்ணெயும் பாதிக்குப் பாதி என்பதோடு நிறுத்துங்கள். மிச்சக் கெட்டியை நார் உறிஞ்சிய தண்ணீர் கொடுக்கும். குறைந்த கொழுப்பு என்று அதையும் ஒரு சாதனையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் எலுமிச்சை. இது ருசிக்கு மட்டும் இல்லை. எண்ணெய்க்குள் பச்சைப் பூண்டு கிடக்கிறது, புளிப்பு இல்லாமல் வெளியே வைத்தால் ஆபத்தான கிருமிக்கு அது வசதியான வீடு. தாராளமாகப் பிழிந்து ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். ஃபிரீஸரில் வைக்க வேண்டாம். ஐஸ் படிகங்கள் துளிகளை நெருக்கி ஒட்டவைத்துவிடும்.

ஒரு தொழில் ரகசியம். ஊறவைக்கும்போது அரை ஸ்பூன் கடுகை நைஸாக அரைத்துச் சேருங்கள். கடுகின் புரதமும் வழவழப்பும் எண்ணெயைப் பிடிப்பதில் கெட்டி. மயோனைஸில் கடுகு போடும் பழக்கம் ஐரோப்பியச் சமையல்காரர்களிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. உங்கள் கலவை பிரியாமல் நின்றால் அதற்குக் கடுகும் ஒரு காரணம். பாட்டிலில் கடுகுக்குப் படம் வேண்டாம். யாரும் பார்க்காத வரிசையில் பெயர் இருந்தால் போதும். முன்பக்கம் முழுக்கச் சாத்துக்குடி.

விற்பதாக இருந்தால் லேபிளில்தான் உண்மையான சமையல் நடக்கிறது. பெரிய கம்பெனிகள் சிட்ரஸ் நாரைத் தேடிப் போவதற்கு அதன் தண்ணீர் பிடிக்கும் திறன் ஒரு காரணம், எண் இல்லாதது இன்னொரு காரணம். ஐரோப்பாவில் அதே தோலிலிருந்து பெக்டினைப் பிரித்துப் போட்டால் சேர்க்கைப் பொருள் என்று காட்டி, பெக்டின் என்றோ ஈ 440 என்றோ எழுத வேண்டும். பெக்டின் உள்ளேயே இருக்கும் நாராகப் போட்டால் ‘சிட்ரஸ் நார்’ என்று எழுதினால் போதும். சரக்கு ஏறத்தாழ அதுதான். வாங்குபவர் முதல் பாட்டிலை வைத்துவிட்டு இரண்டாவதை எடுக்கிறார். உங்கள் வாட்ஸ்அப் குழுவின் கோபத்துக்கு எவ்வளவு சந்தை மதிப்பு என்று இதில் தெரிந்துகொள்ளலாம்.

‘100% இயற்கை’ என்று போடக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகளில், எதுவும் சேர்க்காத ஒற்றை உணவைத்தான் ‘இயற்கையானது’ என்று சொல்லலாம். மயோனைஸ் போலப் பல பொருள் கலந்ததைச் சொல்ல முடியாது. எல்லாப் பொருளும் அந்த வரையறைக்குள் வந்தால் ‘இயற்கைப் பொருட்களால் செய்தது’ என்று போட்டுக்கொள்ளலாம். வீட்டிலிருந்து விற்றாலும் ஆணையத்தில் பதிவு வேண்டும். ‘பாட்டி காலத்துப் பக்குவம்’ என்று எழுதுவது இன்னும் சுலபம். எந்தப் பாட்டி மயோனைஸ் செய்தார் என்று வாங்குபவர் கேட்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மறுநாள் காலை பாட்டிலில் மேலே இரண்டு விரல் எண்ணெய் நிற்கலாம். முதலில் குலுக்கிப் பாருங்கள். சேர்ந்தால் ‘குலுக்கிப் பயன்படுத்தவும்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் தீர்ந்தது. அது இப்போது மயோனைஸ் இல்லை, டிரெஸ்ஸிங். சேராவிட்டால் ஜாரைக் கழுவி, இரண்டு ஸ்பூன் குளிர்ந்த பாலை ஊற்றி, பிரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டு அடியுங்கள், பெரும்பாலும் திரும்பி வரும். பால் விட்டதை லேபிளில் எழுதியாக வேண்டும், ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் மிளகாய்த் தூளும் மஞ்சளும் கரம் மசாலாவும் போட்டுக் கலக்கி, பன்னீர்த் துண்டுகளிலோ கோழியிலோ தடவி ஃபிரிட்ஜில் ஊறவிடுங்கள். எண்ணெய், புளிப்பு, பூண்டு, கடுகு என்று மசாலாவுக்கு வேண்டியதெல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. தோசைக்கல்லில் போட்டு எடுத்து அத்தைக்கு முதல் தட்டைக் கொடுங்கள். “இதுதான் நேத்து பண்ணின மயோனைஸா? நல்லாத்தான் இருக்கு” என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.